சகுந்தலா கீழே வைத்த பந்து

அந்தப் பந்தை எங்கள் வீட்டில் முதலில் பார்த்தவன் நான்தான். காலையில் பல் துலக்க வெளியே வந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நன்றாக விளைந்த பப்பாளி அளவில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. மேலே பனித்துளி. தொட்டால் சொரசொரவென்று இருந்தது.

பிளாஸ்டர் அச்சு வார்ப்பது என் தொழில் என்று இந்தத் தொடரில் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லிவிட்டேன். விருத்தாசலத்துப் பீங்கான் யூனிட்டுகளில் பாதிக்கு என் அச்சுதான் போகிறது. அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும், இதற்கு இரண்டு பாக அச்சு போதுமா, மூன்று பாகம் வேண்டுமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். கல்யாண மேடையில் என் மாமனாரின் தலையைப் பார்த்தபோதும் அதைத்தான் யோசித்தேன். மூன்று பாகம். காது இடிக்கும்.

இந்தப் பந்துக்கு இரண்டு போதும். வாயில் பிரஷ்ஷோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, வாயில நொரைய வெச்சிக்கிட்டு அத்த என்னா கொஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி சகுந்தலா. வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்தவள்.

பின் போர்ஷனிலிருந்து ஜெனிபர் எட்டிப் பார்த்தாள். கடலூர்ப் பெண். இங்கே ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். எங்களிடம் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "அது என்னுதுண்ணே. ரக்பி பந்து. காலேஜ்ல ஆடுனேன். இப்பிடிப் போடுங்க" என்று கை நீட்டினாள்.

போட்டேன். முட்டை வடிவப் பந்து நான் நினைத்த பக்கம் போகுமா? சகுந்தலாவின் முகத்துக்கு நேராகப் போனது. அவள் ஒரு கையில் கோலமாவு டப்பா இருந்தது. மறு கையால் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டாள். மாவு ஒரு சிட்டிகை சிந்தவில்லை.

ஜெனிபர் அப்படியே நின்றுவிட்டாள். "அண்ணி, நீங்க என்னா கேம் ஆடுனீங்க?"

"கபடி" என்றாள் சகுந்தலா. "ஸ்கூல்ல. கருவேப்பிலங்குறிச்சி டீம்னா அப்ப பயப்படுவாங்க."

எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். மாவட்ட அணிக்கு அவளைத் தேர்ந்தெடுத்த சமயத்தில்தான் எங்கள் கல்யாணத் தேதி குறித்திருக்கிறார்கள். அணிக்கான பனியனைக் கொடுத்தார்களாம். போட்டுப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். இருபது வருஷமாக என்னோடு சாம்பார் ருசி பற்றி எல்லாம் பேசியவள் இதை மட்டும் சொன்னதில்லை. கேட்டால், "நீங்க கேக்கல" என்றாள்.

எலுமிச்சம்பழம் வேண்டாம்

சகுந்தலாவையும் சேர்த்து எங்கள் யூனிட்டுகளில் வேலை செய்கிற பெண்களுக்கு மகளிர் தினத்தன்று முதலாளிகள் சங்கம் விளையாட்டுப் போட்டி வைக்கும். என்ன போட்டி? ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து நடப்பது. நாற்காலி சுற்றுவது. பரிசாக எவர்சில்வர் டப்பா. எங்கள் வீட்டில் அந்த டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரு கோபுரமே இருக்கிறது.

அந்த வருஷம் சகுந்தலா சங்கச் செயலாளர் தனசேகரிடம் நேராகப் போய் நின்றாள். "அண்ணே, எலுமிச்சம்பழம் வேணாம். நாங்க ரக்பி ஆடறோம். கடலூர்லேருந்து ஜெனிபர் டீச்சரோட சிநேகிதிங்க வராங்க. அவங்களோட மேட்ச்சு."

தனசேகர் நல்ல மனுஷர். சிரித்தார். "ஆடுங்கம்மா. பரிசு என்னா வேணும்?"

"டப்பா வேணாம். சனிக்கிழம சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னாடி வுடுங்க. களிமண் மேட்டுக்குப் பக்கத்துல சும்மா கெடக்குற எடத்தக் குடுங்க. வருஷம் பூரா."

"எதுக்கு?"

"யூனிட்ல ஒரு வேல, வூட்டுல ஒரு வேல. நடுவுல எனக்குன்னு ஒரு மணி நேரம் எங்க இருக்குது? அதுக்குத்தான்."

தனசேகர் மற்ற முதலாளிகளைக் கலந்துகொண்டு பதில் சொன்னார். "ஜெயிக்க வேணாம். ஒரே ஒரு பாயிண்டாவது எடுத்துக் காட்டுங்க. அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு. எடுக்கலன்னா அடுத்த வருஷம் எலுமிச்சம்பழம்தான், அழப்புடாது."

சகுந்தலா அன்று சாயங்காலம் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். "ஒரு ட்ரையாவது போடாம நான் வூட்டுக்கு வரமாட்டேன்." பாயிண்ட் எடுப்பதற்கு ரக்பியில் ட்ரை என்று பெயராம். அவள் சொன்னால் சொன்னதுதான். ராத்திரி சாப்பாட்டுக்கு நான் என்ன செய்வது?

ஊர்ப் பெயரில் ஒரு விளையாட்டு

விஷயம் தெரியாமல் எதிலும் கால் வைக்கக்கூடாது என்பவன் நான். போனை எடுத்து வைத்துக்கொண்டு ரக்பி பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

ரக்பி என்பது ஒரு ஊரின் பெயர். இங்கிலாந்தில் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டு, பத்தமடைப் பாய் என்கிற மாதிரி, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆடியதால் ஆட்டத்துக்கு ஊர்ப் பெயரே நின்றுவிட்டது. இதைப் படித்ததும் எனக்குச் சின்னப் பொறாமை. பழமலைநாதர் குடிகொண்ட ஊர், இத்தனை பீங்கான் செய்கிற ஊர், நம் பெயரில் ஒரு பம்பர ஆட்டம்கூட இல்லையே.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளியில் பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்களாம். ஒருத்தன் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டானாம். அதிலிருந்து பிறந்ததாம் ரக்பி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் வளர்ந்து, வாழ்ந்து, செத்த பிறகுதான் யாரோ இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அவனைக் கேட்டு உறுதிப்படுத்த வழியில்லை. பந்தைக் கையில் பிடித்து ஆடுவது அதற்கு முன்பே பல ஊர்களில் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். தலபுராணம் எல்லா ஊருக்கும் வேண்டியிருக்கிறது.

எனக்குப் பிடித்தது வேறு. அந்த ஆட்டத்தின் விதிகளை முதலில் எழுதி வைத்தவர்கள் வாத்தியார்கள் இல்லை, ஆடிய பையன்களே. உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, எழுதியிருக்கிறார்கள்.

சகுந்தலாவிடம் இதைச் சொன்னேன். "பின்ன, ஆடறவங்களுக்குத்தான தெரியும்?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

செருப்புத் தைப்பவரின் மனைவி

பந்து ஏன் முட்டை வடிவம்? அதையும் தேடினேன். அந்தக் காலத்தில் பன்றியின் மூத்திரப்பையை ஊதி, மேலே தோல் தைத்துப் பந்து செய்வார்கள். தைத்தவர்கள் அந்த ஊர்ச் செருப்புக் கடைக்காரர்கள். பை எந்த வடிவமோ பந்தும் அந்த வடிவம். அச்சு மாதிரிதான் வார்ப்பு. இதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஊதியது யார் என்று படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு செருப்புக் கடைக்காரரின் மனைவி வாயாலேயே அத்தனை பைகளையும் ஊதிக் கொடுப்பாராம். நோய் பிடித்த பைகளை ஊதி ஊதி நெஞ்சு கெட்டு இறந்துபோனார் என்கிறார்கள். அதற்கப்புறம்தான் அந்த மனிதர் ரப்பர் பையைத் தேடிப் போனாராம்.

அன்றைக்கு எங்கள் பட்டறையில் முகக்கவசம் போடாமல் பிளாஸ்டர் மாவு கலக்கிக்கொண்டிருந்தவரை வழக்கத்தைவிட அதிகமாகத் திட்டினேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. நானும் இங்கிலாந்துக் கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

இன்னொன்று. எதிராளிகளின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அதற்கு 'ட்ரை' என்று பெயர். இன்றைக்கு அதற்குப் புள்ளி உண்டு. ஆதியில் கிடையாதாம். தரையில் வைத்தால், கோல் கம்பத்துக்கு ஒரு தடவை உதைத்துப் பார்க்க உரிமை கிடைக்கும், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் அச்சிலிருந்து பொம்மை நல்லபடி வெளியே வந்தால் அது பொம்மை ஆகிவிடாது. சூளைக்குள் போக அதற்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மாதிரி.

விடாப்பிடி

மாசி மகக் கூட்டம் கலைந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் மகளிர் தினம். நல்லூரிலிருந்து என் தம்பி டிராக்டர் கொண்டு வந்து களிமண் மேட்டுப் பக்கத்து இடத்தை முதல் நாளே உழுது இளக்கிவிட்டிருந்தான். விழுந்தால் அடிபடக்கூடாது அல்லவா? மேலே ஆற்று மணல். சுண்ணாம்பில் கோடு. கோட்டைப் போட்டவள் சகுந்தலாவேதான், கோலம் போடுகிற கையால். அவ்வளவு நேரான கோட்டைக் கடலூரிலேயே பார்த்ததில்லை என்றார் கடலூர்ப் பெண்களோடு வந்த நடுவர்.

ஏழு பேருக்கு ஏழு பேர். ஒரு மாதமாக ஜெனிபர்தான் எங்கள் பெண்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தாள். எங்கள் பெண்கள் சுடிதார் பேண்ட்டும் வீட்டு ஆண்களின் டீ-சர்ட்டுமாக நின்றார்கள். சகுந்தலா போட்டிருந்தது என்னுடையது. பிளாஸ்டர் கறை போகவே போகாத பழைய நீலம்.

அந்த ஏழு பேரில் கடைசியாக நின்றவள் வசந்தா. கம்மாபுரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறவள். பேக்கிங் பகுதியில் வேலை. சூளையிலிருந்து வந்த சரக்கை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவாள். பேச மாட்டாள். ஏழு பேருக்கு ஒரு ஆள் குறைந்ததால் சகுந்தலா கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். பந்து தன்னிடம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே ஓடுகிற மாதிரி ஓடினாள்.

ரக்பியில் பந்தைக் கையால் முன்பக்கம் எறியக்கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். முன்னேறுவதற்கு ஓடத்தான் வேண்டும். இது எங்கள் பெண்களுக்கு வெல்லக்கட்டி. சூளை பிரிக்கும்போது வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றி அவர்கள் சரக்கு இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். கை அங்கே இருக்கும். அன்றைக்கும் ஒரு பந்துகூடத் தவறி விழவில்லை. கடலூர்ப் பெண்களே கை தட்டினார்கள்.

வினை வேறு இடத்தில் வந்தது.

எதிராளி மடக்கிக் கீழே தள்ளிவிட்டால், கையிலிருக்கும் பந்தை உடனே விட்டுவிட வேண்டும். அது விதி. பக்கத்தில் தரையில் வைக்கலாம், அதைத் தன் ஆளோ எதிராளியோ யார் நின்றபடி வந்து எடுக்கிறார்களோ அவர்களுக்கு. எங்கள் பெண்கள் விடவில்லை! விழுந்தாலும் பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். கையிலிருந்து நழுவினால் கூலியில் பிடிப்பார்கள் என்று பீங்கான் தூக்கிப் பழகிய கைகள். உயிரே போனாலும் சரக்கு உடையக் கூடாது. போதாக்குறைக்குச் சகுந்தலா கபடிக்காரி. பிடியை விட்டால் அவளுக்குப் பாவம்.

நடுவர் ஊதினார். மறுபடி ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் பந்து கடலூருக்குப் போனது. அவர்கள் ஓடிப் போய் ட்ரை வைத்துவிட்டு வந்தார்கள்.

ஒரு தடவை சகுந்தலா கோட்டுக்குக் கிட்டே போய்விட்டாள். இரண்டு பேர் மடக்கித் தள்ளினார்கள். இவள் பந்தைக் கட்டிக்கொண்டே முழங்காலால் ஊர்ந்து, கோட்டைத் தாண்டி வைத்தே விட்டாள். கூட்டம் விசிலடித்தது. நான் பக்கத்தில் நின்ற தனசேகரின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

நடுவர் தலையாட்டினார். செல்லாது.

"ஏன் சார், கோட்டுக்கு அந்தாண்டதான வெச்சேன்?"

"விழுந்தப்பவே விட்டிருக்கணும்மா. படுத்துக்கிட்டே பந்தோட ஊர்ந்து போகக் கூடாது."

அவள் முகத்தை அப்போது பார்த்தேன். இருபது வருஷம் பார்த்த முகம்தான். ஆனால் கையிலிருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட குழந்தையின் முகம் அதில் இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். 

இடைவேளையில்

இடைவேளை என்பது தண்ணீர் குடிக்கிற நேரம்தான். ஜெனிபர் கெஞ்சினாள். "வுட்டுடுங்கக்கா. விழுந்ததும் வுட்டுடுங்க."

"எப்பிடி வுடறது? வுட்டா போயிடுமே" என்றாள் ஒருத்தி.

சகுந்தலா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை வார்ப்புப் பகுதியில். அச்சைப் பிரித்து, ஈரம் காயாத பச்சைச் சரக்கை வெளியே எடுத்துப் பலகையில் வைக்கிறவள். வசந்தா மாதிரிப் பேக்கிங் ஆட்கள் கையில் எடுப்பது சுட்ட சரக்கு. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது தாங்கும். பச்சையை இறுக்கிப் பிடித்தால் விரல் பதிந்து கோணிப் போகும். எடுத்த வேகத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

"அடியே" என்றாள் திடீரென்று. "இது சுட்ட சரக்கு இல்லடி. பச்ச. பச்சைய எவளாவது கட்டிப் புடிப்பாளா? விழுந்தா மெதுவா பக்கத்துல வெச்சிட்டு கைய எடுத்துடுங்க. பின்னாடி வரவ எடுத்துப்பா."

"எவளும் வரலன்னா?" என்று கேட்டது வசந்தா. அன்று அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"வரணும்டி. அதுக்குத்தான் ஏழு பேரு."

ஜெனிபர் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இத்த நான் ஒரு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கேண்ணே." சொன்னாள்தான். ஆனால் பச்சை என்று சொல்லவில்லையே.

இரண்டாம் பாதியில் விசில் சத்தம் குறைந்துவிட்டது. விழுந்தார்கள், வைத்தார்கள், கையை எடுத்தார்கள். அடுத்தவள் வந்து எடுத்தாள். வேகத்தில் கடலூர்ப் பெண்களுக்கு ஈடு கொடுக்க முடியவில்லைதான். அவர்கள் இன்னும் இரண்டு ட்ரை வைத்தார்கள். ஆனால் பந்து எங்களிடம் தங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் கோட்டை நோக்கி நகர்ந்தது. தனசேகர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் முடியப் போகிறது.

சகுந்தலா பந்தோடு பாய்ந்தாள். ஒருத்தியைத் தாண்டினாள். நான் கோட்டோரமாகக் கூடவே ஓடினேன், ஏன் ஓடினேன் என்று தெரியாது. இன்னொருத்தி இடுப்பைக் கட்டிச் சாய்த்தாள். முன்பு விழுந்த அதே இடம் மாதிரிதான். கை நீட்டினால் எட்டாது. ஊர்ந்தால் எட்டும்.

அவள் கண் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் இருந்தது. அவளே போட்ட கோடு. முழங்கால் ஒரு தடவை மணலில் ஊன்றியது. 

பந்தைத் தன் பின்பக்கமாக மணலில் வைத்தாள். இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள்.

பின்னாலிருந்து வந்தவள் வசந்தா. எடுத்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு எட்டில் கோட்டைத் தாண்டிவிட்டாள். தாண்டி அங்கேயே நின்றுவிட்டாள்! பந்தைத் தரையில் வைத்தால்தானே புள்ளி? அவளுக்கு அது மறந்துபோய்விட்டது. பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன், இனி யாரிடம் கொடுப்பது என்பது போல் எங்களைப் பார்த்தாள். இரண்டு பேர் அவளை நோக்கி ஓடி வருகிறார்கள்.

கூட்டமே கத்தியது. எல்லோருக்கும் மேலே சகுந்தலாவின் குரல், தரையில் கிடந்தபடியே: "வசந்தா! கீழ வைடி!"

வசந்தா குந்தினாள். பெட்டிக்குள் வைக்கோல்மேல் தட்டு வைக்கிற மாதிரி, இரண்டு கையாலும் சத்தமில்லாமல் பந்தை மணலில் வைத்தாள்.

நடுவர் நீளமாக ஊதினார்.

மூன்றாவது பாதி

தோற்றோம். எவ்வளவு வித்தியாசத்தில் என்று எழுத மாட்டேன், கடலூர் வாசகர்கள் சிரிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் இரண்டு வரிசையாக நின்று, நடுவே எங்கள் பெண்களை நடக்கவிட்டுக் கை தட்டினார்கள். தோற்றவர்களுக்குக் கை தட்டுவதும், அடித்துப் பிடித்து ஆடியவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் சோறு போடுவதும் இந்த ஆட்டத்தின் வழக்கம். அதற்கு மூன்றாவது பாதி என்று பெயராம். இதைச் சொன்னதும் எங்கள் ஆட்கள் முழு மனதோடு ரக்பியை ஏற்றுக்கொண்டார்கள்.

பந்தலில் கறிக்குழம்பும் சோறும். அதற்கப்புறம் டீ. கப்பெல்லாம் எங்கள் யூனிட்டுகளில் செகண்ட்ஸ் என்று கழித்த சரக்கு, ஒன்றுக்குக் காது கோணல், ஒன்றுக்கு மெருகு திட்டுத் திட்டு. கடலூர்ப் பெண்கள் ஆளுக்கொன்று கேட்டு வாங்கிப் போனார்கள். வசந்தா மட்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். இத்தனை பேச்சை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ.

தனசேகர் எழுந்து நின்றார். "சொன்னா சொன்னதுதான். சனிக்கிழம ஒரு மணி நேரம் உங்களுது." பெண்கள் போட்ட சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சகுந்தலா தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டாள். முழங்கால் இரண்டும் சிராய்ப்பு. மணல் தலைமுடிக்குள்ளெல்லாம் இருந்தது. நான் செம்பில் மொண்டு காலில் ஊற்றினேன். அவ்வளவு நிறைவாக ஒருத்தி உட்கார்ந்திருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. சும்மா இருக்க என் வாய்க்குத் தெரியாதே.

"ஒரு ட்ரையாவது போடாம வூட்டுக்கு வரமாட்டேன்னு தெருவெல்லாம் சொன்னியே. போட்டது வசந்தால்ல? நீ எப்பிடி வூட்டுக்கு வந்தே?"

அவள் காலை வெந்நீருக்குள் இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

"அதுக்கென்னா, சனிக்கிழம போட்டுக்கறேன்" என்றாள்.